பதினோரு வயதில் பூஜ்யம்

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து 11 வயது இரட்டைச் சிறுமிகள் நிரப்பிக்கொடுத்த கேள்வித்தாள்களை ஓர் உளவியலாளர் இரண்டு கட்டாகப் பிரித்துப் பார்த்தார். ஒரு கட்டு, உடல் மாற்றங்கள் தொடங்கிவிட்ட சிறுமிகளுடையது. மற்றது, இன்னும் தொடங்காதவர்களுடையது. வயது ஒன்று, ஊர் ஒன்று, பார்க்கிற தொலைக்காட்சியும் ஒன்று. எடை கூடிவிடுமோ என்ற பயம், வேண்டுமென்றே பட்டினி கிடப்பது, கட்டுப்பாடில்லாமல் தின்றுவிட்டு மனம் வெதும்புவது ஆகிய உண்ணல் கோளாற்றின் அறிகுறிகள் பற்றித்தான் கேள்விகள். பருவமடையத் தொடங்காத சிறுமிகளுக்குள் தெரிந்த வேறுபாடுகளில் மரபணுவின் பங்கைக் கணக்கிட்டபோது கிடைத்த விடை பூஜ்யம். பருவமடையத் தொடங்கியவர்களிடம் அது ஏறத்தாழப் பாதி. 17 வயதுப் பெண்களிடம் என்ன அளவோ அதே அளவு.

அந்த உளவியலாளர் கெல்லி க்ளம்ப். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, பின்னர் மிஷிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர். 11 வயதினரையும் 17 வயதினரையும் ஒப்பிட்ட முதல் ஆய்வு 2000இல் வந்தது. அதிலேயே சிறியவர்களிடம் மரபுப் பங்கு இல்லை, பெரியவர்களிடம் பாதிக்கு மேல் என்று தெரிந்துவிட்டது. ஆனால் ஆறு வருட இடைவெளியில் எத்தனையோ மாறியிருக்கும். பள்ளி, தோழிகள், படிக்கிற பத்திரிகை என எதைவேண்டுமானாலும் காரணமாகச் சொல்லலாம். வயதை நிறுத்திவைத்து, பருவத்தை மட்டும் மாற்றிப் பார்த்தால் என்ன? அதற்கான விடைதான் 2003இல் வெளியான மேற்சொன்ன ஆய்வு. பருவமடையத் தொடங்கிய 11 வயதினரின் எண்ணிக்கை அதில் குறைவுதான். அதனால் அதை மட்டும் வைத்துப் பெரிதாக எதையும் சொல்லிவிட முடியாது. அடுத்தடுத்த ஆய்வுகளும் அதே திசையைக் காட்டிய பிறகுதான் துறைக்குள் நம்பிக்கை வந்தது.

இரட்டையர் ஆய்வு என்பது எளிய தந்திரம். ஒரே கருமுட்டை இரண்டாகப் பிரிந்து பிறந்த ஒருகரு இரட்டையருக்கு மரபணுக்கள் ஏறக்குறைய முழுவதும் பொது. இருகரு இரட்டையர் சாதாரண அக்கா தங்கை போலத்தான். சராசரியாகப் பாதி பொது. இரு வகையினருமே ஒரே வீட்டில், ஒரே நேரத்தில், ஒரே அம்மாவின் சமையலைச் சாப்பிட்டு வளர்கிறார்கள். ஏதோ ஒரு குணத்தில் ஒருகரு இரட்டையர் மற்றவர்களைவிடக் கூடுதலாக ஒத்துப்போனால் அந்தக் கூடுதல் மரபணுவின் கணக்கில் சேரும். இரு வகையினரும் ஒரே அளவுக்கு ஒத்துப்போனால் ஒற்றுமைக்குக் காரணம் வீடும் சூழலும். பருவமடையாத சிறுமிகளிடம் நிகழ்ந்தது இந்த இரண்டாவது.

இங்கே ஒரு எச்சரிக்கை. 'மரபுப் பங்கு 50 சதவீதம்' என்று படித்ததும், ஒரு பெண்ணின் நோயில் பாதி அப்பா அம்மாவிடமிருந்து வந்தது, மீதி வெளியிலிருந்து வந்தது என்று எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. செய்தித்தாள்களும் அப்படித்தான் எழுதுகின்றன. அந்த எண் தனி ஆளைப் பற்றியது கிடையாது. ஒரு கூட்டத்துக்குள் ஆளுக்கு ஆள் தெரிகிற வேறுபாட்டில் எவ்வளவை மரபணு வேறுபாட்டோடு சேர்க்கலாம் என்பதை மட்டுமே அது சொல்லும். கூட்டம் மாறினால் எண்ணும் மாறும். க்ளம்பின் கண்டுபிடிப்பில் சுவையே இதுதான். மரபணு பிறக்கும்போதே உடம்பில் இருக்கிறது. 11 வயதில் புதிதாக எதுவும் வந்து சேர்வதில்லை. அப்படியானால் அதுவரை அது என்ன செய்துகொண்டிருந்தது?

க்ளம்ப் சந்தேகப்பட்டது சினைப்பை ஹார்மோன்களை. எஸ்ட்ரோஜன் வகை ஹார்மோன்கள் கருப்பைக்கும் மார்பகத்துக்கும் மட்டும் வேலை செய்பவை என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். உண்மையில் அவை மூளைக்குள்ளும் நுழைகின்றன. நரம்பணுவுக்குள் இருக்கும் ஏற்பிப் புரதத்தோடு எஸ்ட்ரோஜன் சேர்ந்ததும் அந்தப் புரதம் டி.என்.ஏ.வின் குறிப்பிட்ட இடங்களில் போய் ஒட்டி, சில மரபணுக்களை இயக்கும், சிலவற்றை அடக்கும். பசி, மனநிலை இரண்டிலும் கைவைக்கிற செரட்டோனின் அமைப்பின் மரபணுக்களும் அதன் ஆளுகைக்குள் வருகின்றன. ஆகவே ஒரு மரபணுவில் இருக்கும் சிறு மாற்றம் பத்து வருடங்கள் எந்த விளைவும் காட்டாமல் கிடந்துவிட்டு, பூப்புக் காலத்தில் ஹார்மோன் உயரும்போது முதன்முறையாகப் பலன் காட்டலாம். 2010இல் க்ளம்ப் குழு 10 முதல் 15 வயதுவரை உள்ள இரட்டைச் சிறுமிகளின் உடலில் எஸ்ட்ரடையால் என்ற எஸ்ட்ரோஜனின் அளவைப் பார்த்தது. அந்த ஹார்மோன் கூடுதலாக இருந்தவர்களிடம் மரபுப் பங்கும் கூடுதலாக இருந்தது. அது முதற்கட்டச் சான்று மட்டுமே என்று கட்டுரைத் தலைப்பிலேயே சொல்லிவிட்டார்கள். இத்தகைய அடக்கம் எல்லா ஆய்வாளர்களிடமும் இருப்பதில்லை.

பையன்கள்? 2012இல் மிஷிகன் இரட்டையரிடம் ஆண் பெண் இருபாலரையும் சேர்த்துப் பார்த்தபோது, பெண்களிடம் பழைய ஏற்றம் மறுபடி தெரிந்தது. ஆண்களிடம் அப்படி ஒரு ஏற்றமே இல்லை. பருவமடையும் முன்பும் பின்பும் மரபுப் பங்கு ஒரே மட்டத்தில், ஏறத்தாழப் பாதியாக நின்றது. ஆண்களுக்கு ஏன் முன்கூட்டியே தொடங்கிவிடுகிறது என்பதற்கு, கருவிலேயே அவர்கள் மூளை சந்திக்கிற டெஸ்டோஸ்டீரோன் காரணமாகலாம் என்று ஒரு ஊகம். அந்த ஊகத்துக்கு ஆதரவாக, அண்ணனோ தம்பியோ கூடவே கருவில் வளர்ந்த பெண் இரட்டையருக்கு இந்தப் பிரச்சினைகள் குறைவு என்று இதே குழு 2008இல் எழுதியது. வேறு நாட்டு இரட்டையரிடம் தேடியவர்களுக்கு அது கிடைக்கவில்லை. இந்தக் கிளையை நான் இன்னும் சந்தேகத்தோடுதான் படிக்கிறேன்.

எலிகள் சொன்ன சாட்சி எனக்கு வலுவாகப் படுகிறது. வழக்கமான தீவனத்தோடு சில நாட்கள் மட்டும் இடைவெளி விட்டு வெனிலா கிரீமை வைத்தால், சில பெண் எலிகள் அதை வெறித்தனமாகத் தின்னும், மற்றவை அளவோடு நிறுத்திக்கொள்ளும். யார் எந்த வகை என்பது குட்டிப் பருவத்தில் பெரிதாகத் தெரிவதில்லை. பருவமடைகிறபோதுதான் இந்த வேறுபாடு வெளிப்படுகிறது என்று 2011இல் க்ளம்பும் சக ஆய்வாளர் ஷெரில் சிஸ்க்கும் காட்டினார்கள். பெண் எலிகளிடம் இந்த வெறித்தீனி ஆண் எலிகளைவிட அதிகம் என்பதும் பிறகு தெரிந்தது. எலிக்கு இன்ஸ்டாகிராம் கிடையாது. மெலிந்த எலிதான் அழகு என்று அதனிடம் யாரும் சொல்லவில்லை. பெண்களுக்கு உண்ணல் கோளாறு அதிகம் வருவதற்கு விளம்பர அழகிகளே முழுக் காரணம் என்று வாதிடுகிறவர்கள் இந்த எலிகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

இதுவரை 'உண்ணல் கோளாறு' என்று பொத்தாம்பொதுவாகப் பேசிவிட்டோம். வெறித்தீனியும், தின்றதை வாந்தியெடுத்து வெளியேற்றும் புலிமியாவும், உடம்பு எலும்பாகும்வரை உண்ண மறுக்கும் அனோரெக்சியா நெர்வோசாவும் ஒன்றல்ல. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகிறவர்கள் மட்டும் நிறைய. இவற்றில் அனோரெக்சியாதான் மிகக் கொடியது. 2011இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அதே வயதினரோடு ஒப்பிட்டால் இவர்கள் இறப்பது ஐந்து முதல் ஆறு மடங்கு அதிகம் என்று தெரிந்தது. அந்த மரணங்களில் ஐந்தில் ஒன்று தற்கொலை.

இந்த நோய்க்குக் காரணம் சொல்வது காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கிறது. 1689இல் லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் மார்ட்டன், காய்ச்சலோ இருமலோ இல்லாமல் எலும்பும் தோலுமாகிப்போன 18 வயதுப் பெண்ணைப் பற்றி எழுதினார். கவலையும் துக்கமும் நரம்பை வாட்டியதாக அவர் நினைத்தார். 1873இல் லண்டனில் வில்லியம் கல்லும் பாரிஸில் சார்ல்ஸ் லாசேகும் தனித்தனியே இதே நோயை விவரித்தார்கள். இவர்கள் யாருடைய குறிப்பிலும், பருத்துவிடுவோம் என்று அந்தப் பெண்கள் பயந்ததாக ஒரு வரிகூட இல்லை. குடும்பத்தார் அருகில் இருப்பதே நோயாளிக்குக் கேடு என்பது கல்லின் கருத்து. பிறகு இருபதாம் நூற்றாண்டில் மனப்பகுப்பாய்வு வந்தது. அடக்கி ஆளும் தாய், எதிர்த்துப் பேசத் தெரியாத மகள் என்ற சித்திரம் நிலைபெற்றது. மனநல மருத்துவர் ஹில்டே ப்ரூக் 1978இல் எழுதிய நூல் ஏராளமான வாசகர்களுக்கு இந்நோயை அறிமுகப்படுத்தியது. அதோடு குடும்பத்தின் மேல் விழுந்த பழியும் பரவியது. மகள் சாப்பிடாமல் செத்துக்கொண்டிருக்கும்போது, அதற்கு நீதான் காரணம் என்று மருத்துவமனையிலேயே சொல்லக் கேட்ட தாய்மார்கள் ஒரு தலைமுறை இருக்கிறார்கள்.

பழியை அசைத்தவற்றில் முக்கியமானது மரபியல். சிந்தியா பியூலிக் தலைமையில் வட கரோலினாவிலும் சுவீடனிலும் நடந்த பணிகளை இங்கே சொல்ல வேண்டும். சுவீடனின் இரட்டையர் பதிவேட்டிலிருந்து 31,000 பேருக்கு மேல் எடுத்துக் கணக்கிட்ட 2006 ஆய்வில் அனோரெக்சியாவின் மரபுப் பங்கு 56 சதவீதம் என வந்தது. எந்த மரபணு என்று தேடப் போனபோது ஒன்றிரண்டு ஆயிரம் பேர் போதவில்லை. பல நாடுகளின் மாதிரிகளைச் சேர்த்தார்கள். 2019இல் 'நேச்சர் ஜெனடிக்ஸ்' இதழில் வந்த கட்டுரையில் 16,992 நோயாளிகளும் 55,525 நோயற்றவர்களும் ஒப்பிடப்பட்டார்கள். மரபணுத் தொகுதியில் எட்டு இடங்கள் புள்ளியியல் உறுதியோடு அகப்பட்டன. ஒவ்வொன்றின் விளைவும் மிகச் சிறியது. 'அனோரெக்சியா மரபணு' என்று ஒன்றும் இல்லை.

அந்த எட்டைவிட முக்கியமாக எனக்குத் தோன்றுவது, அனோரெக்சியாவின் மரபு வேறு எவற்றோடு உறவுகொண்டிருக்கிறது என்ற பட்டியல். மனப்பதற்றம், மனச்சோர்வு, திரும்பத் திரும்பச் செய்யத் தூண்டும் ஓ.சி.டி. எல்லாம் அதில் இருந்தன. அவை எதிர்பார்த்தவை. எதிர்பாராதது, உடலின் வளர்சிதை மாற்றத்தோடு இருந்த உறவு. அனோரெக்சியாவுக்கான மரபுச் சாய்வும், குறைந்த உடல்எடை, குறைந்த இன்சுலின், இரண்டாம் வகை நீரிழிவு வராத தன்மை ஆகியவற்றுக்கான மரபுச் சாய்வும் பகுதியளவு ஒன்றாயின. உடலசைவு அதிகம் கொண்டிருப்பதற்கான மரபோடும் தொடர்பு தெரிந்தது. மனநோய் என்று மட்டுமே பார்க்கப்பட்ட ஒன்றை மன, வளர்சிதை நோய் என்று சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று பியூலிக் குழுவினர் வாதிட்டது இதனால்தான். எடையை ஏற்றிவிட்டு வீட்டுக்கு அனுப்பிய பெண் மீண்டும் மீண்டும் இளைத்துத் திரும்பிவருவது ஏன் என்ற பழைய புதிருக்கு, அவள் உடம்பே மெலிவின் பக்கம் சாய்ந்திருக்கலாம் என்பது ஒரு நேர்மையான விடை.

ஆனால் பட்டினி என்பதே தனியாக ஒரு விசை. அதைக் காட்டிய மிகப் பிரபலமான சோதனையும் மின்னசோட்டாவில்தான் நடந்தது. இரண்டாம் உலகப் போரின் முடிவில், போரில் சேர மறுத்த 36 இளைஞர்களை உடலியலாளர் ஆன்செல் கீஸ் தன் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். பல்கலைக்கழகக் கால்பந்து மைதானத்தின் அடியிலிருந்த கூடத்தில் 24 வாரங்கள் அரைப்பட்டினி. எடையில் கால்பங்கு கரைந்தது. ஆரோக்கியமான அந்த ஆண்கள் சமையல் புத்தகங்களைச் சேர்த்தார்கள், உணவைப் பற்றியே பேசினார்கள், ஒரு வேளைச் சாப்பாட்டை மணிக்கணக்கில் நீட்டித்துத் தின்றார்கள், ஆளைக் கண்டால் ஒதுங்கினார்கள். அனோரெக்சியாவின் 'விசித்திரக் குணங்கள்' எனப்பட்டவற்றில் பல, யாரைப் பட்டினி போட்டாலும் வருபவை. அந்த இளைஞர்களுக்குப் பசி நரகமாக இருந்தது என்பது மட்டும் வேறு. இந்நோயில் சிலருக்குப் பட்டினி நிம்மதி தருகிறது. சாப்பிட்டால்தான் பதற்றம். சாப்பாட்டின் வழியே வரும் டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம் குறைந்தால் மூளையில் செரட்டோனினும் குறைகிறது. இயல்பிலேயே பதற்றம் மிகுந்தவர்களுக்கு அந்தக் குறைவு ஆறுதலாக இருக்கலாம் என்பது சான் டியாகோவின் வால்டர் கேய் முன்வைத்த கருத்து.

பட்டினியோடு ஓட்டமும் சேர்ந்தால் இன்னும் மோசம். 1967இல் இரண்டு ஆய்வாளர்கள், நாளில் ஒரு மணிநேரம் மட்டும் தீவனம் வைத்து, மீதி நேரம் சுழலும் சக்கரம் இருந்த கூண்டில் எலிகளை விட்டார்கள். தின்னக் கிடைத்த நேரத்திலும் குறைவாகவே தின்று, மேலும் மேலும் ஓடி, அவை உயிரைவிடும் நிலைக்குப் போயின. சக்கரம் இல்லாத எலிகள் அதே ஒரு மணிநேரத் தீவனத்தில் பிழைத்துக்கொண்டன. மருத்துவமனையில் படுக்கையைச் சுற்றி நடந்துகொண்டே இருக்கும் சிறுமியைப் பார்த்த செவிலியர்களுக்கு இது புதிதாக இருக்காது. கொழுப்பு கரையும்போது லெப்டின் ஹார்மோன் சரிகிறது. அதை எலிக்குத் திரும்பச் செலுத்தினால் ஓட்டம் அடங்குகிறது என்று ஜெர்மனியில் 2000இல் கண்டார்கள். அதே நாட்டைச் சேர்ந்த யோஹானஸ் ஹெபெப்ராண்ட் குழு 2020இல் விரல்விட்டு எண்ணத்தக்க சில நோயாளிகளுக்குச் செயற்கை லெப்டின் கொடுத்துப் பார்த்தது. மனநிலை சீக்கிரமே தேறியதாக எழுதியது. எண்ணிக்கை மிகக் குறைவு, ஆனாலும் தொடர்ந்து கவனிக்க வேண்டிய செய்தி.

மரபணு, வயது, சூழல் மூன்றையும் ஒரே கூண்டில் வைத்துப் பார்த்தவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் லோரி ஸெல்ட்சர். பதற்றத்தோடும் உண்ணல் கோளாறோடும் தொடர்புபடுத்தப்பட்ட பி.டி.என்.எஃப். மரபணு மாற்றத்தைச் சுமக்கும் பெண் சுண்டெலிகளை அவர் குழு எடுத்துக்கொண்டது. வளரிளம் பருவத்தில் அவற்றைத் தனிமைப்படுத்தி, தீவனத்தையும் குறைத்தது. மரபணு மாற்றம், தனிமை, உணவுக் குறைப்பு மூன்றும் சேர்ந்தபோதுதான் சில எலிகள் முன்னால் இருக்கும் தீவனத்தையே ஒதுக்கத் தொடங்கின. அதே தனிமையை முதிர்ந்த வயதில் கொடுத்தால் அந்த விளைவு இல்லை. 2016இல் வந்த இந்த ஆய்வையும் க்ளம்பின் இரட்டையரையும் அருகருகே வைத்தால், மரபணு பெரிதா சூழல் பெரிதா என்ற வழக்கமான பட்டிமன்றத் தலைப்பு பொருளற்றுப் போகிறது. வளரிளம் பருவத்தில் ஒரு சிறுமி தற்செயலாகத் தொடங்கும் 'டயட்' பெரும்பாலோருக்கு ஒரு வாரத்தில் அலுத்துவிடும். சிலருக்கு மட்டும் அது வேறொரு கதவைத் திறந்துவிடுகிறது. அந்தச் சிலர் யார் என்பதில்தான் மரபணு பேசுகிறது.

மூளைப் படங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். 2022இல் பல நாட்டு மையங்களின் எம்.ஆர்.ஐ. படங்களைச் சேர்த்துப் பார்த்ததில், அனோரெக்சியா உள்ளவர்களின் மூளைப் புறணி மெலிந்திருந்தது. வேறு பல மனநோய்களில் காணும் மாற்றத்தைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு. கேட்கப் பயமாக இருக்கிறது. ஆனால் எடை ஓரளவு தேறியவர்களிடம் அந்த மெலிவு வெகுவாகக் குறைந்திருந்தது. ஆக, அது பெரும்பாலும் பட்டினியின் விளைவு. விளைவைக் காரணமாகக் காட்டும் தவறு இந்தத் துறையில் எத்தனையோ முறை நடந்திருக்கிறது. நோய் வருவதற்கு முன்பே இரட்டையரைப் பிடித்துப் பார்க்கும் க்ளம்பின் வழிக்கு மதிப்பு கூடுவது இந்த இடத்தில்தான்.

இவையெல்லாம் சிகிச்சையை எங்கே கொண்டுவந்து விட்டன? 2009இல் க்ளம்ப், பியூலிக், கேய், லண்டனின் ஜேனட் ட்ரெஷர் உள்ளிட்டோர் சேர்ந்து உண்ணல் கோளாறுகளுக்கான அகாதமிக்காக ஒரு நிலைப்பாட்டு அறிக்கை எழுதினார்கள். ஸ்கிசோஃப்ரீனியா போன்ற நோய்களுக்கு நிகராக இவையும் உயிரியல் அடிப்படை கொண்ட கடுமையான மனநோய்கள், காப்பீடும் அதற்கு நிகராக வேண்டும் என்பது சாரம். அமெரிக்காவில் சிகிச்சைச் செலவு குடும்பத்தையே விழுங்கிவிடும் என்பதால் அந்த அறிக்கையில் அறிவியலோடு பணமும் பேசியது. இன்னொரு பக்கம், வில்லியம் கல் விரட்டச் சொன்ன பெற்றோரையே மருந்தாக மாற்றினார்கள். லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான முறையில், மகளின் தட்டை நிரப்புவதும் அவள் உண்ணும்வரை பொறுமையாக உடன் உட்காருவதும் பெற்றோர் பொறுப்பு. 2010இல் 121 வளரிளம் பருவத்தினரிடம் இதைத் தனிநபர் சிகிச்சையோடு ஒப்பிட்டார்கள். சிகிச்சை முடிந்து ஒரு வருடத்தில் குடும்ப முறையில் 49 சதவீதத்தினர் முழுமையாகத் தேறியிருந்தார்கள், மற்றதில் 23. ஹார்மோனைத் தொடும் மருந்து எதுவும் இன்னும் கைக்கு வரவில்லை.

நம் பக்கத்துக்கு வருவோம். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தைகள் மனநலப் பிரிவுக்கு வந்த உண்ணல் கோளாறுகளில் பெரும்பாலானவை மனக்காரண வாந்தி. அனோரெக்சியா சிறு பகுதிதான். டெல்லியில் 1995இல் விவரிக்கப்பட்ட ஐந்து இளம்பெண்களிடம் பருத்துவிடும் பயம் தென்படவில்லை. ஹாங்காங்கில் சிங் லீ 1993இல் எழுதிய 70 நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் அப்படித்தான். வயிறு உப்புகிறது, பசிக்கவில்லை, இறங்கமாட்டேன் என்கிறது என்றார்கள். நம் வீட்டில் ஒரு பெண் இப்படிச் சொன்னால் முதலில் கஷாயம் வைப்பார்கள், அப்புறம் ஸ்கேன், அப்புறம் எண்டோஸ்கோபி. மாதவிடாய் நின்றுபோய் எடை சரிந்துகொண்டே வந்தாலும், 'நான் குண்டாகிவிடுவேன்' என்ற வாக்கியம் அவள் வாயிலிருந்து வராதவரை பலருக்கு அனோரெக்சியா என்ற நினைப்பே வராது. மார்ட்டனின் நோயாளியும் அந்த வாக்கியத்தைச் சொல்லவில்லை என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

க்ளம்பின் கேள்வித்தாள்கள் பெரும்பாலும் எடையையும் உடல் தோற்றத்தையும் பற்றியவை. பருத்துவிடும் பயமே இல்லாத ஒரு பெண்ணிடமும் பூப்பு அதே மரபணுக்களைத்தான் எழுப்புகிறதா என்பதை அவற்றை வைத்துச் சொல்ல முடியாது. 2019இன் மரபணுக் கணக்கும் உதவாது. அதில் சேர்ந்த 16,992 நோயாளிகளும் ஐரோப்பிய வம்சாவளியினர்.